நிதி முடிந்த மறுநாள்

(தாம்பரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வேளச்சேரியிலிருந்து தாம்பரம் வரும் சாலை உங்கள் எல்லோருக்கும் பழகியது. பள்ளிக்கரணைவரை அது பெருநகர சென்னை மாநகராட்சி. அதைத் தாண்டினால் மேடவாக்கம், வேங்கைவாசல். இரண்டும் பரங்கிமலை ஒன்றியத்துக் கிராம ஊராட்சிகள். செம்பாக்கம் வந்ததும் தாம்பரம் மாநகராட்சி தொடங்கிவிடுகிறது. ஒரே பேருந்துப் பயணத்தில் மூன்று விதமான உள்ளாட்சிகளைக் கடக்கிறோம். சென்னை எல்லைக்குள் பல பள்ளிகளை மாநகராட்சியே நடத்துகிறது. 2011-இல் சென்னையோடு சேர்ந்த பகுதிகளின் அரசுப் பள்ளிகளும் 2022-இல் அதன் கைக்கு வந்துவிட்டன. தாம்பரமோ, ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021 நவம்பரில் மாநகராட்சியானது. ஆனால் அதன் எல்லைக்குள் பல தொடக்கப் பள்ளிகளின் பெயர்ப் பலகையில் இன்றும் 'ஊராட்சி ஒன்றியம்' என்றுதான் எழுதியிருக்கிறது.

இந்தச் சாலையோரத்தில், சென்னை எல்லையைத் தாண்டிக் குடியிருக்கும் ஒரு நான்கு வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கல்விக்கு யார் பொறுப்பு? அங்கன்வாடிக்குப் போனால் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்; அவர் சமூக நலத் துறை. பள்ளி வளாகத்துக்குள் எல்.கே.ஜி. சேர்ந்தால் வட்டாரக் கல்வி அலுவலர். அவர் பள்ளிக் கல்வித் துறை. ஆசிரியருக்குப் பயிற்சி தருவது வட்டார வள மையம். அதற்குப் பணம் ஒன்றிய, மாநிலக் கூட்டுத் திட்டத்திலிருந்து வருகிறது. கட்டடம் ஒழுகினால் உள்ளாட்சியிடம் போக வேண்டும். இத்தனை பேரும் சந்திக்கிற ஒரே மேசை செங்கல்பட்டில் மாவட்ட ஆட்சியருடையது. அவர் மேசையில் ஏரி, பட்டா, தேர்தல் எல்லாம் இருக்கும்.

அமெரிக்காவின் பள்ளி மாவட்டங்கள் பலவற்றில் மழலையர் கல்வியையும் மானியத் திட்டங்களையும் கவனிக்கவென்றே ஓர் இயக்குநர் இருப்பார். நம் மாவட்டத்தில் அப்படி ஒரு நாற்காலியே கிடையாது. அந்த நாற்காலியில் யாராவது உட்கார்ந்தால் அவர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். வட்டார வள மையத்தில் பல ஆண்டுகள் இருந்த அனுபவத்தில் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எந்தத் திட்டம் வந்தாலும் அதைக் கேட்பேன்: நிதி முடிந்த மறுநாள் அந்த வகுப்பறையில் குழந்தைகளோடு யார் உட்கார்ந்திருப்பார்?

இந்தக் கேள்வியை 2019-இல் தொடங்கிய எல்.கே.ஜி. வகுப்புகளிடம் கேட்டுப் பார்ப்போம். அந்த ஆண்டு ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டது. அது மிகச் சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். முடிச்சூரிலும் அனகாபுத்தூரிலும் ஆட்டோ ஓட்டுபவரும் கட்டட வேலைக்குப் போகிறவரும் கடன் வாங்கியாவது பிள்ளையைத் தனியார் எல்.கே.ஜி.யில் சேர்க்கிறார்கள். மூன்றரை வயதில் வேனில் ஏறிய பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்குத் திரும்பி வருவது அபூர்வம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கை ஏன் குறைகிறது என்று ஐந்து வயதில் போய்த் தேடுகிறோம். பெற்றோர் அதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே முடிவெடுத்துவிடுகிறார்கள்.

திட்டம் சரி; ஆசிரியருக்கு எங்கே போவது? தொடக்கப் பள்ளிகளில் உபரி என்று கணக்கிடப்பட்ட இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றினார்கள். ஒன்று முதல் ஐந்துவரை பாடம் நடத்தப் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். மழலையர் வகுப்புக்கு அனுப்புவதைப் பதவி இறக்கமாக நினைத்து எதிர்த்தார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று வயதுப் பிள்ளையோடு நாள் முழுக்க இருப்பது தனிப் பயிற்சி வேண்டிய தொழில். அந்தப் பயிற்சியைத் தராமல் அனுப்பினோம். பிறகு கொரோனா வந்து பள்ளிகள் மூடின. 2022 ஜூனில் தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறை என்று அவர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள், எல்.கே.ஜி. இனி பள்ளியில் இல்லை, அங்கன்வாடியிலேயே தொடரும் என்று அறிவிப்பு வந்தது. பெற்றோரும் கட்சிகளும் எதிர்த்ததும் சில நாட்களில் அரசு முடிவை மாற்றிக்கொண்டது. அதில் மகிழ்ச்சி. ஆனால் வகுப்புகளை நடத்தத் தற்காலிகச் சிறப்பாசிரியர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம்.

அந்த 5,000 ரூபாயை இந்த அவை கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தாம்பரத்தில் வீட்டு வேலைக்கு இரண்டு வீடு பார்த்தாலே அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். அப்படி வந்த ஓர் ஆசிரியையின் வகுப்பில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்திருந்தேன். குழந்தைகளில் ஏழெட்டுப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். ஒரு சின்னப் பையன் தண்ணீர் வேண்டும் என்று ஒடியாவில் கேட்டான். டீச்சருக்கு ஒடியா தெரியாது. ஆனால் அந்தச் சொல் தெரிந்திருந்தது. அவன் அம்மாவிடம் கேட்டு, தண்ணீர், பசி, வலி, ஒன்றுக்கு, அம்மா வருவாள் என்று கொஞ்சம் சொற்களைத் தமிழெழுத்தில் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். யாரும் அவருக்கு அதைச் சொல்லித் தரவில்லை, எந்தக் கையேட்டிலும் அது இல்லை. அடுத்த வருடம் அந்தப் பள்ளிக்குப் போனபோது அட்டை சுவரில் இருந்தது, டீச்சர் இல்லை. செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகத் தலைமை ஆசிரியர் சொன்னார்.

அதே வளாகத்தில் இன்னொன்றும் பார்த்தேன். புதன்கிழமை, காலை உணவு பொங்கல். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. நம் காலத்தில் பள்ளிக் குழந்தைகளுக்காக நடந்த பெரிய காரியங்களில் ஒன்று அது. ஆனால் பட்டியலில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்புவரைதான். இரண்டாம் வகுப்பு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு எல்.கே.ஜி. தங்கை எட்டு மணிக்கே வந்துவிடுகிறாள், ஏனென்றால் அம்மா சானடோரியம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஏதோ ஒரு கம்பெனிக்குக் கிளம்பியாக வேண்டும். அண்ணன் தட்டோடு வரிசையில் நிற்கிறான். தங்கையின் பெயர் பட்டியலில் இல்லை. சமையல் செய்யும் அக்கா ஒரு கரண்டி கூடுதலாக அண்ணன் தட்டில் போட்டு, "ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்றார். அரசாணை விட்ட இடத்தை அந்த அக்கா நிரப்பிக்கொண்டிருக்கிறார். ஒரு மாவட்டத்தில் மழலையர் கல்விக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தால் அவர் கண்ணில் முதலில் படவேண்டியது இந்த மாதிரி விஷயம்தான்.

இனி வெளிநிதியைப் பற்றி. வெளிநிதி என்றாலே கெட்டது என்று சொல்கிறவன் நானில்லை. தமிழ்நாட்டின் அனுபவம் அதற்கு நேர்மாறானது. 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதலில் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியம். ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு இணை உணவு கொடுத்தார்கள். எடை ஏறியதும் நிறுத்திக்கொண்டார்கள். எடை அட்டை தாயின் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அதே ஊர்ப் பெண்ணே பணியாளர். 1989-இல் முதல் கட்டம் முடிந்தது, இரண்டாம் கட்டம் 1990 முதல் 1997 வரை நடந்தது. நிதி முடிந்த மறுநாள் என்ன ஆயிற்று? மையங்கள் மூடப்படவில்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளோடு சேர்ந்தன, பணியாளர்கள் தொடர்ந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன என்றால், அந்தக் கடன்காலத்தில் ஊன்றிய கால்களும் அதில் சேர்ந்தவை. குறையும் இருந்தது. எடையைப் பார்த்த அளவுக்கு விளையாட்டையும் பேச்சையும் பார்க்கவில்லை. மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தை அப்போது எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டத்துக்கு விடப்பட்டிருந்தது. சோறு ஒரு பக்கம், எடை ஒரு பக்கம், படிப்பு வேறொரு பக்கம் என்று அன்று பிரிந்தது இன்னும் முழுசாகச் சேரவில்லை.

இதையெல்லாம் ஒன்றாகப் பார்க்கவேண்டும் என்று முதலில் அழுத்திச் சொன்னவர்களில் மீனா சுவாமிநாதனும் ஒருவர். அவர் தலைமையிலான குழு 1972-இல் தந்த அறிக்கை, 1975 அக்டோபர் 2-இல் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் அங்கன்வாடித் திட்டம் தொடங்க வழி செய்தவற்றுள் ஒன்று. பின்னாளில் சென்னையிலேயே வாழ்ந்து 2022-இல் மறைந்தார். வேலைக்குப் போகும் ஏழைப் பெண்ணின் நேரத்தோடு குழந்தைகள் மையத்தின் நேரம் பொருந்த வேண்டும் என்பதை அவர் விடாமல் பேசினார். மெப்ஸிலும் ஓ.எம்.ஆரிலும் வேலை பார்க்கும் பெண்கள் நிறைந்த இந்தப் புறநகரில் மதியத்துக்குப் பிறகு மையத்தைப் பூட்டிவிடுகிறோம். வேலை ஆறு மணிக்கு முடிகிறது.

வெளிநிதியைச் சரியாகச் செலவிட்டதற்கு இன்னோர் உதாரணமாக, தொடக்கப் பள்ளிகளின் செயல்வழிக் கற்றல் முறையை நினைத்துப் பாருங்கள். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கியது. அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார். ரிஷிவேலிப் பள்ளியில் உருவான அட்டைகளும் ஏணிப்படிகளும் அதற்கு அடிப்படை. பின்னர் அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானதும், அந்த நிதியில் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. திட்ட நிதி அட்டைக்கும் பயிற்சிக்கும் செலவானது. வகுப்பில் நின்றவர் நிரந்தர ஆசிரியர், சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து. அதனால்தான் முறை மாறினாலும், பிறகு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோதும், கற்றுக்கொண்ட கை அதே பள்ளிக்குள் இருந்தது. முறையைப் பற்றி எனக்குச் சில கருத்து வேறுபாடுகள் உண்டு. பணத்தைப் பிரித்த விதம் சரியானது.

காலக்கெடு உள்ள பணத்தைக் காலக்கெடு உள்ள வேலைக்குச் செலவிட வேண்டும். கட்டடம் கட்டலாம், பயிற்சி தரலாம், புது முறையைச் சோதிக்கலாம், பொம்மையும் புத்தகமும் வாங்கலாம். பெருநகர சென்னை மாநகராட்சி பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் நிதியோடு சிட்டிஸ் திட்டத்தில் 28 பள்ளிகளைச் செப்பனிட்டது அந்த வகை. பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப்பள்ளி' வழியாக 2022 டிசம்பர் முதல் அந்தப் பணம் அரசுப் பள்ளிக்கும் வருகிறது. வரட்டும். ஆனால் வண்ணம் தீட்டிய சுவரும் ஸ்மார்ட் டிவியும் வந்து, அந்த அறையில் பூட்டுத் தொங்குவதை நம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறோம். பொருள் வாங்கியதற்கு ரசீதும் பயன்பாட்டுச் சான்றிதழும் புகைப்படமும் கொடுத்துவிடலாம். ஒரு டீச்சர் மூன்று வருடம் அதே அறையில் இருந்தார் என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. மார்ச் மாதத்தில் செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடுமே என்ற பதற்றத்தில் எது கையில் கிடைக்கிறதோ அதை வாங்குகிறோம்.

மாநிலமும் 2025-இல் இதே போன்ற ஒரு பதற்றத்தில் இருந்தது. ஒன்றிய, மாநிலக் கூட்டுக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25-க்கான சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடத்துக்கான சேர்க்கையும் அந்த ஆண்டு தள்ளிப்போனது. இந்த 25 விழுக்காட்டில் ஒரு முரண் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்து பதினான்கு வரைதான் உரிமை என்கிறது. அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கு அரசு 'ஏற்பாடு செய்யலாம்' என்று 11-ஆம் பிரிவில் நிறுத்திக்கொள்கிறது. ஆனால் தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. இருந்தால் ஏழைக் குழந்தையை அங்கிருந்தே சேர்க்க வேண்டும், கட்டணத்தை அரசு ஈடுகட்ட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தனியார் கட்டடத்தில் நடக்கும் எல்.கே.ஜி.க்குச் சட்டப்படி பணம் உண்டு. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நடக்கும் எல்.கே.ஜி.க்கு 5,000 ரூபாய்த் தற்காலிக ஆசிரியர்.

அப்படியானால் நிரந்தரப் பணம் எங்கே இருக்கிறது? நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1920 செப்டம்பரில் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல். பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது, பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. 1925-இல் நின்றுபோனது. பசி தீர்ந்ததால் நிற்கவில்லை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கில அரசு தடுத்தது. சாப்பாடு கல்விச் செலவு ஆகாது என்பது அவர்கள் கணக்கு.

அந்தத் தொடக்கக் கல்வி நிதி பழைய காலத்தோடு போய்விடவில்லை. 1920-ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகளுக்குக் கல்வி வரி விதிக்கும் அதிகாரம் தந்தது. இன்றும் நாம் கட்டும் சொத்து வரிக்குள் கல்வி வரி இருக்கிறது. தமிழ்நாட்டு நகராட்சி, மாநகராட்சிக் கணக்குகளில் வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி இவற்றோடு தொடக்கக் கல்வி நிதி என்று தனிக் கணக்கே வைக்கிறார்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு புது அடுக்குமாடி எழும்பினால் இந்த நிதியும் கொஞ்சம் ஏறும். டெல்லியில் யாரும் கையெழுத்திட வேண்டியதில்லை, எந்த நிறுவனமும் லாபம் காட்ட வேண்டியதில்லை. பெரும்பாலும் அது வகுப்பறைக்கும் கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் போகிறது. அவையும் தேவைதான். ஆனால் கட்டடத்துக்குப் பணம் தர வேறு பலர் இருக்கிறார்கள். மழலை வகுப்பு டீச்சரின் சம்பளத்துக்குத்தான் யாரும் இல்லை. வெளியிலிருந்து வருவதைக் கட்டடத்துக்கு வைத்து, உள்ளூரில் ஆண்டுதோறும் வருவதை ஆளுக்கு வைக்க வேண்டும். இப்போது தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

ஆளுக்குச் செலவு செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு உலகமே மேற்கோள் காட்டும் ஒரு சான்று, நம்மைப் போன்ற ஒரு சாதாரணப் பொதுப்பள்ளி நிர்வாகத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி என்ற சிறு நகரத்தின் பள்ளி மாவட்டத்தில் டேவிட் வைகார்ட் சிறப்புச் சேவைகளுக்குப் பொறுப்பாக இருந்தார். கறுப்பினப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவதைப் பார்த்து, பெரிய வகுப்பில் சரிசெய்ய முயல்வதை விட்டு மூன்று வயதுக்குப் போனார். 1962 முதல் 1967 வரை பெர்ரி பள்ளியில் 123 ஏழைக் குழந்தைகளில் 58 பேருக்கு மழலைக் கல்வி. 65 பேருக்கு இல்லை. இரு சாராரையும் நாற்பது வயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள். மழலைக் கல்வி பெற்றவர்களில் அதிகம் பேர் பள்ளியை முடித்தார்கள், அதிகம் சம்பாதித்தார்கள், சிறைக்குப் போனவர்கள் குறைவு. இதைச் சொல்லும் எல்லோரும் முதலீட்டுக்கு எத்தனை மடங்கு லாபம் என்று நிறுத்திக்கொள்வார்கள். நான் பார்ப்பது வேறு: ஐந்தாறு குழந்தைக்கு ஒருவர் என்ற கணக்கில், முறையாகத் தகுதி பெற்ற பொதுப்பள்ளி ஆசிரியர்கள் அங்கே பாடம் நடத்தினார்கள், வாரந்தோறும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்த் தாயோடு உட்கார்ந்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு மாறும் ஒப்பந்த ஆளை வைத்து அந்த லாபத்தை எதிர்பார்க்க முடியாது.

செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஓர் அலுவலர் வேண்டும். மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ள ஒவ்வொரு குழந்தையும் அவர் பொறுப்பு. மையத்தில் இருந்தாலும் சரி, பள்ளியில் இருந்தாலும் சரி, எங்கும் சேராமல் செங்கல் சூளையோரமும் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் இருந்தாலும் சரி. அங்கன்வாடிப் பணியாளரும் எல்.கே.ஜி. டீச்சரும் ஒரே அறையில் ஒரே பயிற்சி பெற வேண்டும். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் நம்மிடம் இருக்கிறது, நல்ல பாடத்திட்டம். அதை இருவரும் சேர்ந்து நடத்தலாம். மழை வந்தால் முடிச்சூர் என்ன ஆகும் என்று 2015-இலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பார்த்தோம். மையத்தின் பதிவேடும் பொம்மையும் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைக்கூட அவர்தான் பார்க்க வேண்டும். எந்தத் திட்டம் வந்தாலும் அதன் முதல் பக்கத்திலேயே அது முடியும் தேதியையும், அதற்கு மறுநாள் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து என்பதையும் அவர் எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் அந்தத் திட்டத்தில் ஆளை எடுக்கக் கூடாது.

இந்த அவையில் தாம்பரம் மாமன்ற உறுப்பினர்கள் சிலர் இருக்கிறீர்கள். அடுத்த வரவு செலவுத் திட்டம் உங்கள் கைக்கு வரும்போது தொடக்கக் கல்வி நிதியின் பக்கத்தைத் திறந்து, மழலை வகுப்பு ஆசிரியருக்கு என்று ஒரு தலைப்பு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் மன்றத்தில் கேளுங்கள். பள்ளி வேறு துறையுடையது, விதி இடம் தராது என்று பதில் வரலாம். அந்தப் பதிலை வாய்மொழியாக ஏற்றுக்கொள்ளாமல் எழுத்தில் வாங்குங்கள். எந்த விதி, எந்த அரசாணை என்று எழுத்தில் வந்துவிட்டால், அதை மாற்றக் கோட்டையில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது நமக்குத் தெரிந்துவிடும். பெற்றோரையும் பள்ளி மேலாண்மைக் குழுக்களையும் அழைத்துக்கொண்டு அங்கே போவோம்.